பாட்டின் கீழ்ப்பாதி

“பாட்டு நல்லாத்தான் இருக்கு,” என்றார் கணவர், சிக்னலில் கார் நின்றிருந்தபோது. “ஆனா அந்தப் பல்லவி வர்ற இடத்துல மட்டும், என்னமோ வரப்போகுதுன்னு காத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இசைக்கும் ஏழாம் பொருத்தம். சத்தம் ஆகாத மனிதர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவியின் பேண்ட் கச்சேரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். முதல் பாட்டின் டிரம்ஸ் ஓய்வதற்குள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படிப்பட்டவர் சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. முந்தின நாள் ஒத்திகையாகப் பதிந்து வைத்திருந்த பாட்டை மறுபடி ஓடவிட்டாள். பல்லவி வந்தது. நிறுத்திவிட்டு அதே இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள்.

அவள் பாடியிருந்தது பல்லவியே இல்லை. பல்லவிக்கு அடியில் கூடவே ஓடுகிற துணைக் குரல். மேலே போக வேண்டிய மெட்டைக் காணோம். ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் கீழ்ப்பாதியை மட்டும் சிரத்தையாகப் பாடி வைத்திருந்தாள்.

இப்படி ஒரு தப்பைச் செய்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். அது அவளுக்கு நிறையவே இருந்தது. அண்ணன் பேர்போன பாடகன். அவன் ஆரம்பித்த பேண்டில் பத்துப் பதினோரு வருஷம் அவனுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்தாள். அவன் பல்லவி எடுக்கும்போதெல்லாம் அவன் குரலுக்குக் கீழே தன் குரலைக் கொண்டுபோய் வைத்தாள். எப்போதோ ஒரு மேடையில் அவன், “பின்னாடி நிக்கிறது என் தங்கச்சி” என்று சொல்லிவைக்க, அன்றிலிருந்து உலகத்துக்கே அவள் தங்கச்சிதான். தலை நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் வாய் திறப்பதற்கு முன்னால் இடது தோள் ஒரு இம்மி உயரும், மூக்கால் சின்னதாக ஒரு மூச்சை இழுப்பான். அந்த மூச்சுதான் அவளுக்குக் கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைவாள். ஒரு நாளும் பிந்தியதில்லை.

பிறகு ஒரு நாள் டிரம்ஸும் இரைச்சலும் போதும் என்றாகிவிட்டது. ஒரு கிட்டார், ஒரு குரல், பழைய நாட்டுப்பாடல்கள், இப்படி ஒரு ஆல்பம் செய்யப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். “நீ தனியாப் பாடினா பாதிப் பாட்டுதான் கேக்கும், பாப்பா,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

எந்தக் கம்பெனியும் இந்த ஆல்பத்துக்குக் கை கொடுக்கவில்லை. ரசிகர்களிடம்தான் பணம் கேட்டாள். கோபத்தில் இருக்கிறவள் எழுதுகிற எழுத்து எப்படி இருக்குமோ அப்படி எழுதினாள்: ஒரே குரல், ஒரே கிட்டார், வெட்டல் ஒட்டல் கிடையாது. கடைசிப் பாட்டை உங்கள் முன்னாலேயே பாடிப் பதிவு செய்வேன், எந்தப் பாட்டு என்று நீங்களே சொல்லுங்கள். ரசிகர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். பாட்டையும் சொன்னார்கள். வேறு எதைச் சொல்வார்கள்? அண்ணனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த அதே பரிசல்காரன் பாட்டைத்தான்.

மற்ற ஒன்பதும் பிரச்சினை இல்லாமல் முடிந்திருந்தன. அவையெல்லாம் அவள் புதிதாகத் தேடிப்பிடித்த பாட்டுகள், அவற்றில் அண்ணனின் நிழல் கிடையாது. பத்தாவதுக்கு இன்று மதியம் ஆட்கள் வருகிறார்கள். எங்கெங்கிருந்தோ லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். இன்றைக்கு விட்டால் மறுபடி அவர்களைக் கூட்ட முடியாது.

ஒலிப்பதிவுக் கூடம் முன்பு சோபா விற்கிற கடையின் கிடங்காக இருந்த இடம். சுவரில் பழைய மெத்தைகளையும் கம்பளங்களையும் அடித்து, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பதிவு எந்திரங்களோடு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பூனை என்று பெயர். நடந்தால் சத்தம் வராது. மைக்குகளுக்கு நடுவே வாழ்ந்து வாழ்ந்து அப்படி ஆகிவிட்டது. அவனும் வருஷக்கணக்கில் அந்த பேண்டின் மேடைச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டவன்தான்.

அவள் ஒத்திகைப் பதிவைப் போட்டுக் காட்டி, பல்லவியில் என்ன கேட்கிறது என்று கேட்டாள். அருமையாகத்தானே இருக்கிறது என்றான் பூனை. நல்லாக் கேளு என்றாள். மூன்றாம் தடவை கேட்டபிறகுதான் அவன் முகம் மாறியது. அவன் மண்டைக்குள்ளும் அண்ணன் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். இல்லாத மெட்டை இவன் காதே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறது.

“அட கொடுமையே,” என்றான்.

காலை முழுக்கப் போராடினார்கள். மேல் மெட்டு அவளுக்குத் தெரியாமலா போகும்? கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பாடினால் கச்சிதமாக வந்தது. கிட்டாரை எடுத்து, தாளம் ஓட ஆரம்பித்து, பல்லவிக்கு முந்தின வரி முடிகிற நேரத்தில் தொண்டை தானாகவே ஒரு படி இறங்கிவிடும். வீட்டுக்குப் போகும் வழிக்குக் கால் தானே திரும்பிக்கொள்வது போல. சுருதியைக் குறைத்துப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள். பாட்டு எங்கே போனாலும் தொண்டை அதற்குக் கீழேயே போய் நின்றது. ஒரு தடவை சரியாக வந்தால் மூன்று தடவை சறுக்கியது. சரியாக வந்ததும் எதனால் வந்தது என்று தெரியவில்லை.

கீழ்க் குரலோடு பதிந்துவிடு, எல்லாரும் போனபிறகு மேல் குரலைத் தனியாகப் பாடி ஒட்டிவிடலாம், ஒரு பயலுக்கும் தெரியாது என்றான் பூனை. அவள் அவனை முறைத்தாள். தான் எழுதினதை நினைவுபடுத்தினாள். எழுதும்போது என்னைக் கேட்டிருக்கலாமே என்று முனகிக்கொண்டு அவன் குளிர்சாதனத்தை அணைக்கப் போனான். அது ஓடினால் அந்த இரைச்சலும் பாட்டில் ஏறிவிடும்.

மதியம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலிலேயே செருப்பு, ஷூ, கைக்கடிகாரம், வளையல், போன் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லி உள்ளே விட்டான் பூனை. இருமல் உள்ளவர்கள் கடைசி வரிசைக்குப் போகும்படி கேட்டுக்கொண்டான். ஒரு பல் டாக்டர், எனக்கு இருமல் இல்லை, ஆனால் வயிறு சத்தம் போடும், எங்கே உட்காரட்டும் என்று கேட்டார். அவரையும் பின்னால் அனுப்பினார்கள். முப்பது பேர் வெறுங்காலோடும் காலுறையோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். கணவரும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒரு ஓரமாக இடம் பிடித்தார். முன் வரிசையில் அவளுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அவ்வளவு பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பூனை கையைக் காட்டினான். அவள் ஆரம்பித்தாள்.

முதல் சரணம் நன்றாகவே போனது. பரிசல்காரன் இந்தக் கரையில் நிற்கிறான், இருட்டுகிறது, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. பல்லவி நெருங்கியது. மேலே, மேலே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*அக்கரையில வெளிச்சம் தெரியுது, யாரு இன்னும் தூங்கலையோ…*

கீழே போய்விட்டது.

நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோதே ஜனங்களின் முகத்தைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் குறை தெரியவில்லை. கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. அசைந்த உதடுகள் எல்லாம் மேல் மெட்டைத்தான் பாடின. இவள் எதிரில் உட்கார்ந்து தொண்டை வறளப் பாடுகிறாள், இவர்கள் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விஷயம் தெரிந்த பூனைகூடக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஓரத்தில் கணவர் மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, பேருந்துக்கு நிற்பவர் மாதிரி எதற்கோ காத்திருந்தார்.

மூன்று பல்லவியும் அப்படியே போயின. பாட்டு முடிந்ததும் காலுறை போட்ட கால்களைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இதோடு விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ஆசை வந்ததற்காகவே தன்மேல் வெறுப்பு வந்தது. இந்த ஆல்பத்தை, பேண்ட் பேரையே கேட்டிராத யாரோ ஒருவர் நாளைக்குக் கேட்பார். அவருக்குப் பாதிப் பாட்டுதான் கேட்கும். அண்ணன் சொன்ன வார்த்தை பலித்துவிடும்.

இன்னொரு தடவை பாடிவிடுகிறேன் என்று சொன்னாள். காற்று வரட்டும் என்று பூனை போய்க் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். வாசலில் அண்ணன் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பணம் போட்டவர்களுக்குக் கொடுத்த சீட்டு அவன் கையில் இருந்தது. எல்லாரையும் போல அவனும் போட்டிருக்கிறான். பூனை என்ன செய்வான் பாவம், வழி விட்டான். அண்ணன் உள்ளே வந்தான். வலது காலுறையில் ஓட்டை விழுந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மேடையில் பட்டுச் சட்டையும் பளபளப்புமாக அவனைப் பார்த்தே பழகின கூட்டம் வாயைப் பிளந்தது. அவன் நேராக வந்து, காலியாக இருந்த அந்த ஒரே நாற்காலியில், அவளுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணனும் கூடப் பாடட்டுமே,” என்றார் ஒருவர். கூட்டம் கலகலத்தது. அவ்வளவுதான், வந்த வேலை மறந்துபோய் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

“இல்ல,” என்றாள் அவள். தான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

“நான் கேக்கத்தான் வந்தேன்,” என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

அதை அவள் நம்பவில்லை. இந்தப் பாட்டு ஒலிக்கிற இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்ததே கிடையாது. கல்யாண வீடாக இருந்தாலும் சரி, டீக்கடை ரேடியோவாக இருந்தாலும் சரி, பல்லவி வந்தால் பாடியே தீருவான். போகச் சொல்லலாம்தான். முப்பது பேர் முன்னால் கூடப்பிறந்தவனை எழுப்பி வெளியே அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைப்பானே என்கிற வீம்பும் சேர்ந்துகொண்டது. கிட்டாரைச் சரிபார்ப்பது போல நேரத்தைக் கடத்தினாள். பூனை கையைக் காட்டினான்.

முதல் பல்லவி. கீழே போனது.

இந்தத் தடவை ஒரே ஒரு முகம் மாறியது. அண்ணன் பட்டென்று தலை நிமிர்ந்தான். மற்றவர்கள் காதுக்கு அந்த இடம் நிரம்பியே இருந்தது; வெற்றிடமாக இருந்தது அவன் காதுக்குத்தான், ஏனென்றால் அது அவன் நிற்கிற இடம். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்த அந்தச் சிரிப்புக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் சரணம் ஓடியது. தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது, பரிசல்காரன் துடுப்பைப் போட்டுவிட்டான். கடைசி வரியில் அண்ணனுடைய இடது தோள் உயர்வதை அவள் கண்டாள். மூக்கால் மூச்சை இழுக்கிற அந்தச் சத்தமும் கேட்டது. ஆயிரம் மேடைகளில் கேட்ட சத்தம். பாடப்போகிறான். மேல் குரலை எடுக்கப்போகிறான், கூட்டம் கொண்டாடப்போகிறது, ஆல்பம், ஒன்பது பாட்டு, எழுதின வாக்கு எல்லாம் அவன் காலடியில் போய் விழப்போகிறது. பாவி, இதற்காகவா வந்தாய் என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் தொண்டை அந்த மூச்சுக்குப் பழகினது. அது பாட்டுக்குக் கீழே இறங்கப் போனது.

கீழே இடம் இல்லை. அங்கே அவன் இருந்தான்.

அவளுடைய துணைக் குரலை அவன் பாடிக்கொண்டிருந்தான். சன்னமாக, தடுமாறிக்கொண்டு, முதல் தடவையாக ஒருவருக்குக் கீழே நின்று பாடுகிறவனின் கூச்சத்தோடு. அவளுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. ஏறினாள். முதல் சொல்லில் குரல் பிசிறியது, இரண்டாம் சொல்லில் நிலைத்து நின்றது. *யாரு இன்னும் தூங்கலையோ* என்று மெட்டு அவள் வாயிலிருந்து வெளியே போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது, அது இவ்வளவு உயரமான இடமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அவன் ஒவ்வொரு வளைவையும் சரியாக அறிந்திருந்தான். வரியின் நடுவில் அவள் வழக்கமாகச் செய்கிற, யார் காதுக்கும் எட்டியிருக்காது என்று அவள் நினைத்திருந்த, அந்தச் சின்ன இழுப்பு உட்பட.

மூன்றாம் பல்லவிக்கு முன்னால் அவனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தனியாக மேலே போனாள்.

பாட்டு முடிந்தது. இந்தத் தடவை யாரும் காலைத் தட்டவில்லை. என்னவோ நடந்திருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. பூனையின் குரல் ஒலிபெருக்கியில் தயங்கித் தயங்கி வந்தது: இன்னொரு குரலும் பதிவாகியிருக்கிறது, என்ன செய்யலாம்?

அவள் எதிரே இருந்தவனிடம், “ரெண்டாவது அடியில சுருதி இறங்கிடுச்சு,” என்றாள். இத்தனை மாசத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

“பழக்கமில்ல,” என்றான். பிறகு, “அது கஷ்டம், பாப்பா. இவ்வளவு கஷ்டம்னு தெரியாது,” என்றான்.

“அந்த இழுப்பு உனக்கு எப்படித் தெரியும்?”

“முதுகுல காது இல்லைன்னு நினைச்சியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை முட்டியது, அழுதால் தொண்டை கட்டிக்கொள்ளும், அடுத்த தடவை பாட முடியாது. அதனால் அழவில்லை. அவன் எழுந்தான். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, “ஒரே குரல்னு எழுதியிருக்க. படிச்சிட்டுத்தான் பணம் போட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியே போனான். பூனை கதவைச் சாத்தினான்.

மூன்றாம் தடவை. எதிரே நாற்காலி மறுபடி காலி. இப்போது பிடித்துக்கொள்ள யாருடைய மூச்சும் இல்லை. முதல் சரணம் முடிகிற இடத்தில் அந்த அறை கிணறு மாதிரி அமைதியாக இருந்தது; பல் டாக்டரின் வயிறுகூடச் சும்மா இருந்தது. சறுக்கினால் இன்றைக்கு இதோடு சரி, இன்னொரு முறை பாடத் தொண்டையில் தெம்பு இல்லை. கீழ்ப்படியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மூக்கால் மூச்சை இழுத்தாள். அது அவனுடையது மாதிரியே கேட்டது. மேலே போனாள்.

ஓரத்தில் கணவர் சாய்த்திருந்த தலையை நேராக்கினார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். மற்ற இரண்டு பல்லவிகளும் அதன் பிறகு தாமாகவே வந்தன. முடிந்ததும் அவர் பக்கத்தில் இருந்தவரிடம், யாருக்குமே புரியாதபடி, “வந்துடுச்சுங்க,” என்று சொன்னார்.

ஆட்கள் கலைந்து, வளையலும் கடிகாரமும் தேடுகிற அமளிக்கு நடுவே அவள் வெளியே வந்தாள். அண்ணன் வாசல்படியில் இருந்தான். பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது. இரண்டு பேருக்கும் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. உன் இடத்துக்கு மூன்று பேரை வைத்துப் பார்த்தேன், ஒருவரும் சரிப்படவில்லை என்றான். நான் வரமாட்டேன் என்றாள். தெரியும் என்றான்.

“கேட்டுச்சா?” என்று கேட்டாள்.

“எங்க? கதவுதான் சாத்தியிருந்துச்சே. நான் அப்பவே கிளம்பிட்டேன், இந்த ஷூவை மாட்டறதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க.”

அவள் கீழே பார்த்தாள். இடது காலில் ஷூ இருந்தது, நாடா கட்டவில்லை. இன்னொன்று இன்னும் அவன் கையிலேயே இருந்தது.